பெண்களின் கருவுறாமை: திருமணத்துக்கு முன்பே தொடங்கும் காரணங்கள்

திருமணம் முடிந்து நான்கைந்து மாதங்கள் ஆவதற்குள் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி புதுப்பெண்ணைத் தேடி வந்துவிடுகிறது. மருத்துவம் அவ்வளவு அவசரப்படுவதில்லை. கருத்தடை எதுவும் இல்லாமல், 12 மாதங்கள் முறையாகத் தாம்பத்திய உறவில் இருந்தும் கரு உண்டாகாத நிலையைத்தான் உலக சுகாதார நிறுவனம் கருவுறாமை என்று வரையறுக்கிறது. முயற்சி செய்யும் தம்பதியரில் நூற்றுக்கு 80 பேருக்கும் மேல் முதல் ஆண்டிலேயே கருவுறுகிறார்கள். எஞ்சியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில் கருவுறுகிறார்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதங்களுக்குப் பின்னும், 40 கடந்திருந்தால் காலம் தாழ்த்தாமலும் பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான நெறி. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று அந்நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது.

காய்ச்சலைப் போலவே கருவுறாமையும் ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு உறுப்புகள், வெவ்வேறு காலங்கள் இருக்கின்றன. அந்த நோய்களில் பல, திருமணப் பேச்சு எழுவதற்கு நெடுநாள் முன்பே உடலில் வேர்விட்டவை. பதினைந்து வயதில் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்க வைத்த மாதவிடாய் வலியும், கல்லூரிக் காலத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் வந்த மாதவிலக்கும், சிறுவயதில் வந்துபோன காசநோயும், கருச்சிதைவுக்குப் பிறகு சில நாட்கள் அடித்த காய்ச்சலும் அப்போது யாராலும் பொருட்படுத்தப்படாமல், குழந்தை தங்கவில்லை என்ற நிலை வந்த பிறகே மருத்துவரின் குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன. ஒரு பெண்ணின் உடல் சொல்லும் குறை அவளுடைய நலனுக்காகக் கேட்கப்படாமல், அவள் பெறவேண்டிய பிள்ளைக்காக மட்டுமே கேட்கப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருவது. காரணங்களைப் புரிந்துகொள்ள முயலும்போது இந்தக் காலத் தாமதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இயல்பாக நடப்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சுரக்கும் ஹார்மோன்கள் சினைப்பையில் ஒரு கருமுட்டையை முதிரச் செய்து வெளியேற்றுகின்றன. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரையே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் கருக்குழாயில் சந்தித்து, உருவான கரு அந்தக் குழாயின் வழியே மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையின் உட்சுவரில் பதிகிறது. முட்டை வெளிவராமை, குழாய் அடைபடுதல், கரு பதிய இடமின்மை என்று இந்தப் பயணத்தின் எந்தக் கட்டத்திலும் தடை நேரலாம்.

முட்டை வெளிவராமல் போவதற்கு முதன்மையான காரணம், மக்கள் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு. சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935-இல் ஏழு பெண்களின் நிலையை விவரித்து எழுதியதிலிருந்து இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இது இருப்பதையே அறியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் தெரியும் அந்தச் சின்னஞ்சிறு நீர்ப்பைகள் கட்டிகளே அல்ல. முதிர்ச்சி அடையாமல் பாதி வழியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். அவற்றை அறுத்தெடுக்க வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையில் அந்த ஒரு வரியைப் பார்த்து மட்டும் பிசிஓஎஸ் என்று முடிவு செய்வதும் சரியன்று. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதியால் வரும் முகரோமமும் முகப்பருவும் அல்லது இரத்தத்தில் தெரியும் அதன் உயர்வு, ஸ்கேனில் காணும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்டு இன்றும் அடிப்படையாக உள்ள அளவுகோல். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவதும் சினைப்பையில் பல சிறு பைகள் தெரிவதும் இயல்பு என்பதால், பதின்ம வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

இந்தக் கோளாறின் உள்ளே இன்சுலின் எதிர்ப்பு என்ற சிக்கல் இருக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகையான இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது. முட்டையின் முதிர்ச்சி தடைபடுகிறது. உடல் பருமன் உள்ளவர்கள் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான். ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. அவர்களிடம் "எடையைக் குறை" என்பது பொருளற்ற அறிவுரை. முட்டையை முதிரச் செய்யும் மாத்திரைகளில் இன்று லெட்ரோசோல் முதலிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்த குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. கருவுறாமைக்குக் காரணம் பிசிஓஎஸ் மட்டுமே என்றால், அது பெரும்பாலும் மாத்திரையிலேயே தீரக்கூடிய காரணம் என்பதையும், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்காக நேராக அதன் மையத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முட்டை வெளியேற்றத்தைத் தடுக்கும் வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு குறைபாடு எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சீராகிவிடும். பாலூட்டலுக்கான புரோலாக்டின் ஹார்மோன் அளவுக்கு மீறினாலும் மாதவிலக்கு தடைபடும். பிட்யூட்டரியில் வளரும் சிறு கட்டி இதற்குக் காரணமாகலாம். மனநல மருந்துகள் சிலவும், வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் பலர் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் டோம்பெரிடோனும்கூட இந்த ஹார்மோனை உயர்த்தும். கடும் பட்டினி, மிதமிஞ்சிய உடற்பயிற்சி, நீடித்த மன அழுத்தம் ஆகியவற்றால் ஹைப்போதலாமஸின் தூண்டுதலே அடங்கிப்போவதும் உண்டு; விளையாட்டு வீராங்கனைகளிடமும் உணவை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் இளம்பெண்களிடமும் இதைக் காணலாம்.

வயதைப் பற்றிப் பேசும்போது பெண்களை அச்சுறுத்தும் தொனி எளிதாக வந்துவிடுகிறது. அது தேவையில்லை, ஆனால் உண்மையை மறைக்கவும் முடியாது. பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளுடன் பிறக்கிறது; பூப்பெய்தும்போது அவை மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும்; வாழ்நாள் முழுவதும் வெளியேறுபவை 400 முதல் 500 மட்டுமே. புதிதாக முட்டை உருவாவதில்லை. 35 வயதை ஒட்டி எண்ணிக்கை குறையும் வேகம் கூடுவதோடு, எஞ்சிய முட்டைகளில் குரோமோசோம் பிழைகளும் மிகுகின்றன. கருச்சிதைவு வயதோடு சேர்ந்து உயர்வதற்கு இந்தப் பிழைகளே முக்கியக் காரணம். 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடும் நிலையும் இருக்கிறது. டர்னர் குறைபாடு போன்ற மரபணுக் காரணங்கள், தன்னுடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி, புற்றுநோய்க்கான சில மருந்துகள், இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு ஆகியவை இதற்கு வழிவகுக்கலாம். ஓர் இளம்பெண்ணுக்குப் புற்றுநோய் சிகிச்சை தொடங்குவதற்கு முன் முட்டைகளையோ கருவையோ உறைநிலையில் சேமிக்கும் வாய்ப்பை அவளிடம் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. மணமாகாதவள் என்பதால் அந்தப் பேச்சையே தவிர்ப்பது அவளுக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது பெரிய காரணம் கருக்குழாய். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்ததற்கு, அவருடைய தாய் லெஸ்லியின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்ததே காரணம். ஐவிஎஃப் என்ற முறையே அந்தக் குழாயைச் சுற்றிச்செல்வதற்காக உருவானதுதான். குழாய் பெரும்பாலும் கிருமித்தொற்றால் கெடுகிறது. கிளமிடியா, கோனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகள் கருப்பை வாயிலிருந்து மேலேறி இடுப்பறை அழற்சியை உண்டாக்குகின்றன. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் வெஸ்ட்ரோம் குழுவினர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன: இந்த அழற்சி ஒருமுறை வந்த பெண்களில் 8 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தவர்களில் 19.5 விழுக்காட்டினருக்கும், மூன்று அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் குழாய்ச் சேதத்தால் கருவுறாமை ஏற்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தாமதமின்றி முழுமையாக மருத்துவம் செய்ய வேண்டியதன் அவசியத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கணவன் கொண்டுவந்த தொற்றுக்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால், அது அவரிடமிருந்தே மீண்டும் தொற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகோ கருச்சிதைவுக்குப் பிறகோ வரும் தொற்றும் இதே சேதத்தைச் செய்யும். முதல் குழந்தை எளிதாகப் பிறந்து, அடுத்தது தங்காமல் போகும் பெண்களிடம் இதைத் தேட வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவர் பாதுகாப்பாகச் செய்யும் கருக்கலைப்பு பிற்காலக் கருவுறுதலைக் கெடுப்பதில்லை. அரைகுறையாகக் கலைந்து, உள்ளே தங்கிய திசு சீழ்பிடித்து, அவமானத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் விடும்போதுதான் ஆபத்து. இந்தியாவில் 1971 முதல் கருக்கலைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 2021-இல் கொண்டுவந்த திருத்தம், கருத்தடை பலிக்காமல் போனால் மணமாகாத பெண்களும் அந்தச் சேவையைப் பெற வழி செய்தது. சட்டம் இருந்தும் வெட்கத்துக்கு அஞ்சி இரகசியமாகத் தீர்த்துக்கொள்ளும் நிலை மாறவில்லை. அதன் விலையைப் பின்னாளில் அந்தப் பெண்ணின் கருக்குழாயே கொடுக்கிறது.

நம் நாட்டில் கருக்குழாயைப் பற்றிப் பேசும்போது காசநோயை விட்டுவிட முடியாது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலில் நுழைந்த கிருமி இரத்தத்தின் வழியே இனப்பெருக்க உறுப்புகளுக்குப் பரவி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கலாம். பிறப்புறுப்புக் காசநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கருக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கும்; பாதிப்பேருக்குக் கருப்பையின் உட்சுவரும் கெட்டிருக்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை என்ற நிலையிலும் இது இருக்கக்கூடும். பலருக்குக் குழந்தை தங்காததுதான் முதல் அறிகுறி, சிலருக்கு மாதவிலக்கின் அளவு படிப்படியாகக் குறைந்து நின்றுபோவது. கருப்பை உட்சுவரிலிருந்து எடுத்த சிறு திசுவைப் பரிசோதித்தும், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்தும் லேப்ராஸ்கோபியில் நேரே பார்த்தும் இதைக் கண்டறிகிறார்கள். கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் நழுவுவதும் உண்டு. மாறாக, மரபணுப் பரிசோதனை ஒன்றில் மட்டும் கிருமி இருப்பதாக வந்துவிட்டால் நோயே இல்லாத பெண்ணுக்கு ஆறு மாத மருந்து தொடங்கப்படுவதும் உண்டு. இந்த இரு பிழைகளுக்கும் நடுவே நிதானமாக முடிவெடுக்கும் மருத்துவர் கிடைப்பது பெரும் பேறு. தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் நோய் முற்றாகக் குணமாகும். ஆனால் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிவிட்ட குழாயை மருந்தால் மீட்க முடியாது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்பதை உலகத்துக்கு நிரூபித்தது. அத்தகைய பெருமை கொண்ட ஊரிலும் 'பெண்ணுக்கு டிபி இருந்தது' என்பதை வரன் பார்க்கும்போது மறைக்கவேண்டிய நிலை நீடிக்கிறது. அப்படி மறைக்கப்படும் தகவலே, பின்னாளில் அவள் கருவுறாமைக்குக் காரணம் தேடும் மருத்துவருக்கு மிகவும் தேவைப்படுவது.

எண்டோமெட்ரியோசிஸ் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் நோய். கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு, சினைப்பையிலும் கருக்குழாயிலும் இடுப்பறையின் பிற பகுதிகளிலும் வளர்ந்து, மாதந்தோறும் அழற்சியையும் ஒட்டுகளையும் ஏற்படுத்துகிறது. பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலக அளவில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் வழிந்து இது உண்டாகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் விளக்கினார். அப்படி வழிவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது என்பதால் அந்த விளக்கம் மட்டும் போதவில்லை. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி, முட்டைகளின் எண்ணிக்கைக் குறைவு, குழாயின் முனை ஒட்டிக்கொண்டு முட்டையை ஏந்த முடியாமை, கரு பதிவதில் தடை என்று பல வழிகளில் இது கருவுறுதலைக் குலைக்கிறது.

வலி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகெங்கும் காணும் நிலை. நம் வீடுகளில் தாய் பட்ட வலியே மகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது: "எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்ற ஆறுதல், பிள்ளை பிறப்பதையே தடுக்கும் நோய்க்கு மருந்தாக வழங்கப்படுகிறது. வலி மாத்திரைக்கும் அடங்காத, படிப்பையும் வேலையையும் முடக்குகின்ற, தாம்பத்திய உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ கூடுகின்ற வலி ஒருபோதும் இயல்பானது அன்று. சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யவும் முடியாது. இன்னொரு நுட்பமான செய்தியும் இருக்கிறது: வலியை அடக்கக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகள் முட்டை வெளியேற்றத்தைத் தடுப்பவை என்பதால் அவை கருவுற உதவுவதில்லை, சினைப்பைக் கட்டியை அறுவை செய்து எடுக்கும்போது நல்ல முட்டைகளும் சேர்ந்து அழியலாம். ஆகவே குழந்தை வேண்டும் என்ற பெண்ணுக்கும் வலி தீர வேண்டும் என்ற பெண்ணுக்கும் ஒரே மருத்துவம் பொருந்தாது.

கருப்பையில் உள்ள குறைகளால் கருவுறாமை வருவது ஒப்பீட்டளவில் குறைவு. நார்த்திசுக் கட்டிகளில், கருப்பையின் உள்ளறைக்குள் துருத்தி நிற்பவையே கரு பதிவதைத் தடுக்கின்றன. வெளிப்புறம் வளர்ந்தவை பொதுவாகத் தடுப்பதில்லை. கட்டி இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே அறுவை சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். பிறவியிலேயே கருப்பையின் நடுவில் அமைந்த தடுப்புச்சுவர் கருச்சிதைவை ஏற்படுத்தலாம். 'டி அண்ட் சி' எனப்படும் சுரண்டல் சிகிச்சைக்குப் பின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையை ஜோசப் ஆஷர்மன் என்ற மருத்துவர் 1948-இல் விரிவாக எழுதினார். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு மாதவிலக்கு திடீரென மிகக் குறைந்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அச்சில் எழுதத் தயங்கப்படும் காரணம் ஒன்றும் இருக்கிறது. உறவின்போது பெண்ணின் தசைகள் அவள் விருப்பத்தை மீறி இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்ற நிலையால், மணமாகிச் சில ஆண்டுகளாகியும் முழுமையான உறவே நிகழாத தம்பதியர் இருக்கிறார்கள். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. முட்டை வளர்ச்சிக்கான ஊசிகள் மட்டும் தொடர்கின்றன. பொறுமையான பயிற்சியாலும் ஆலோசனையாலும் பெரும்பாலோருக்கு நன்கு குணமாகக்கூடிய நிலை இது. கணவர் வளைகுடா நாட்டில் பணியாற்றி ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் குடும்பங்களில், கருவுறும் வாய்ப்புள்ள நாட்கள் மாதத்துக்கு ஆறு மட்டுமே என்ற எளிய கணக்கே பல நேரங்களில் விடையாக இருக்கிறது.

எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் காரணம் புலப்படாத தம்பதியரும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறையே இல்லை என்பது அதன் பொருள் அன்று. இன்றைய கருவிகளுக்கு அது எட்டவில்லை. இளம் வயதினராக இருந்தால் மேலும் சில காலம் காத்திருப்பதே ஏற்றது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் பரிசோதனை இப்போது உடல்நலப் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்கப்படுகிறது. ஐவிஎஃப் சிகிச்சையில் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். ஆனால் கருவுறாமைப் பின்னணி இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருவுற்றிருந்தனர். அந்த ஓர் எண்ணைக் காட்டி ஒரு பெண்ணைக் கலங்கடிப்பது மருத்துவ நெறிக்கு ஒவ்வாதது.

பெண்களின் காரணங்களையே இவ்வளவு நேரம் பேசினாலும், கருவுறாமையால் வருந்தும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறை தனியாகவோ பெண்ணின் குறையுடன் சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைந்தது. பெண்ணின் கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேக்கும் லேப்ராஸ்கோபிக்கும் முன்பாக அது முடிந்திருக்க வேண்டும். மனைவிக்கு இரண்டு அறுவைகள் முடிந்த பிறகும் கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மருத்துவர் அங்கே தயங்காமல் உறுதி காட்ட வேண்டும்.

முதல் சந்திப்புக்குப் போகும் பெண், பூப்பெய்திய வயது, மாதவிலக்கு வந்த இடைவெளிகள், வலியின் அளவு, சிறுவயதில் எடுத்த காசநோய் மருந்து, வெடித்து அறுவை செய்யப்பட்ட குடல்வால், கருச்சிதைவு அல்லது கருக்கலைப்பு, அதற்குப் பின் வந்த காய்ச்சல், வழக்கமாக எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச்செல்வது நல்லது. மாமியாரோ கணவரோ உடனிருந்தால் சில விவரங்களைச் சொல்ல முடியாமல் போகும் என்பதால், மருத்துவர் அந்தப் பெண்ணைச் சிறிது நேரம் தனியாக அழைத்துப் பேச வேண்டும். அவர் அழைக்காவிட்டால் பெண்ணே அதைக் கேட்டுப் பெறலாம், அது அவருடைய உரிமை.